காருக்கு அடியில் படுக்காமலே ஆயில் மாற்றலாமா? வேக்குவம் பம்ப் வாங்கும் முன் இதைப் படிங்க!

காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் படுத்து, ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஆயிலை இறக்குவதெல்லாம் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் நடக்கிற காரியமா? ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போவது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் வீட்டிலேயே ஆயில் மாற்ற நினைப்பவர்கள் வேக்குவம் ஃப்ளூயிட் பம்ப்பைத் தேடுகிறார்கள்.

விஷயம் சிம்பிள்தான். இளநீரில் ஸ்ட்ரா போடுகிற மாதிரி, டிப்ஸ்டிக் இருக்கும் குழாய் வழியாக மெல்லிய டியூபை ஆயில் பான் அடி வரை விட வேண்டும். கைப்பிடியை அடிக்க அடிக்க டேங்க்கில் உள்ள காற்று வெளியேறும். அழுத்தம் குறைந்ததும் ஆயில் தானாக ஏறி வரும். இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்துவிட்டு ஆரம்பித்தால், ஆயில் இளகி சீக்கிரம் வரும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், டியூப் தாங்காது.

எவ்வளவு வந்தது?

பலர் கோட்டை விடும் இடம் இதுதான். எல்லா கார்களிலும் டியூப் ஆயில் பானின் ஆழமான இடத்தைத் தொடாது. மேனுவலில் 3.5 லிட்டர் என்று இருக்கிறது, பம்ப்பில் வந்தது 2.8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 700 மில்லி உள்ளேயே இருக்கிறது. அது தெரியாமல் முழு 3.5 லிட்டரை ஊற்றினால் அளவு மீறும். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை இன்ஜினைக் காப்பாற்றாது. அதனால் வந்ததை அளந்து, கொஞ்சம் குறைவாக ஊற்றி, டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்துச் சேருங்கள்.

இன்னொன்று, ஆயில் ஃபில்டர். அது மேலே இருந்தால் லக். கீழே இருந்தால் எப்படியும் காருக்கு அடியில் போகத்தான் வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத கார்களும் உண்டு.

பிரேக் பக்கம் போகலாமா?

அதே பம்ப்பால் பிரேக் ஃப்ளூயிடையும் மாற்றலாம் என்பார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். இன்ஜின் ஆயில் பட்ட டியூபைப் பிரேக் டப்பாவில் விடவே கூடாது. துளி ஆயில் கலந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். டப்பாவில் இருப்பதை மட்டும் மாற்றினால், குழாயிலும் காலிப்பரிலும் பழசு அப்படியே இருக்கும். பிரேக் ஃப்ளூயிட் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். ஊட்டி இறக்கத்தில் பிரேக் சூடேறி ஃப்ளூயிட் கொதித்தால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பம்ப் அடிக்கும்போது டப்பா காலியாகி உள்ளே காற்று புகுந்தாலும் இதே கதிதான். அனுபவம் இல்லாதவர்கள் பிரேக்கை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. பெட்ரோலை உறிஞ்ச இதை எடுக்கவே எடுக்காதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து.

வாரன்டி உள்ள கார் என்றால் அதன் விதிமுறையை முதலில் படியுங்கள். பழைய ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. சாக்கடையில் ஊற்றாமல் கேனில் அடைத்து, பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.