மார்பினைப் படிப்படியாகக் குறைத்தல்

கடும் வலியைத் தணிக்கும் மருந்துகளுள் மார்பின் முதன்மையானது. கோழிக்கோட்டில் 1993-ஆம் ஆண்டில் தோன்றிய வலித்தணிப்பு இயக்கம் இதனை எளிய மக்களுக்கும் கிடைக்கச் செய்தது. கேரள அரசு 2008-ஆம் ஆண்டில் இதற்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி மன்றங்களின் வாயிலாகச் செவிலியர் நோயாளிகளின் இல்லங்களுக்கே செல்கின்றனர். ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த வண்டன்மேடு போன்ற மலையூர்களில் இவ்வுதவியின் அருமை நன்கு விளங்கும்.

வலி நீங்கியபின் மருந்தையும் விடவேண்டும். ஆயின் திடீரென நிறுத்தலாகாது. ஏன்? மூளைத்தண்டில் நாரட்ரினலினைச் சுரக்கும் உயிரணுக்களை மார்பின் அடக்கி வைக்கிறது. அவ்வடக்கம் திடீரென நீங்கின் அவை அளவிறந்து கிளர்ச்சியுறுகின்றன. வியர்வை, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியன தோன்றும். இவை இரண்டு மூன்று நாட்களில் உச்சமடைந்து, பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் தணியும். இது மனவலிமைக் குறைவன்று, உடலின் இயல்பேயாகும்.

ஓராண்டுக்கு மேல் மருந்துண்டோர்க்கு, மாதத்திற்குப் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோ மருத்துவர் அளவைக் குறைப்பார். துன்பம் மிகுந்தால், மேலும் குறைக்காமல் சிறிது காலம் அதே அளவில் இருந்து, பின்னர்த் தொடரலாம். வயிற்றுப்போக்கு உண்டாயின் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் பருகுதல் வேண்டும். தேவைப்படின் மருத்துவர் குளோனிடின் தருவார்.

ஒன்றை மறத்தலாகாது. குறைத்தபின் உடல் பழைய அளவைத் தாங்காது. துன்பம் பொறாது அவ்வளவை மீண்டும் உட்கொண்டால், மூச்சு அடங்கி உயிர் போகக்கூடும். ஆதலின் எஞ்சிய மருந்தை வீட்டில் வைத்திராது, தந்தவரிடமே ஒப்படைத்துவிடுக.