வயல் நீரில் அகத்தியர்: டெல்டாவில் இரவு வானத்தைப் படமெடுப்பது பற்றிச் சில குறிப்புகள்

தண்ணீரில் நட்சத்திரங்கள் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கணும். தஞ்சாவூர்ப் பக்கம் இதற்கு எங்கே போகலாம், எப்போது போகலாம்? நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. என்ன கேமரா, என்ன லென்ஸ் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஆனால் டெல்டாவில் உண்மையான சிக்கல் கேமரா இல்லை, காலண்டர்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். வயலிலும் வாய்க்காலிலும் தண்ணீர் நிற்கும் காலம் ஏறக்குறைய இதுதான். குறுவை நடவின்போது தென்மேற்குப் பருவத்தின் மேகம் வந்து வந்து போகும். சம்பா, தாளடிக் காலத்தில் வடகிழக்குப் பருவமழை. வானம் நன்றாகத் திறப்பது தை பாதிக்கு மேல். அப்போது ஆறு மணலாகிவிடும், வயல் அறுப்புக்குக் காய்ந்துகொண்டிருக்கும். சுருக்கமாகச் சொன்னால், தண்ணீர் இருந்தால் வானம் இல்லை, வானம் இருந்தால் தண்ணீர் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடுக்குகளைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

தேடுவதற்கு முன்னால், தண்ணீர் எப்படிப்பட்ட கண்ணாடி என்று பார்த்துவிடலாம். நம் வீட்டுக் கண்ணாடி எந்தக் கோணத்தில் வரும் வெளிச்சத்தையும் ஏறக்குறைய முழுதாகத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அப்படியில்லை. தலைக்கு நேர் மேலே இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியில் 2 சதவீதத்தைத்தான் திருப்பும். அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருந்தால் 6 சதவீதம், 20 டிகிரியில் 13, 10 டிகிரியில் 35. அதாவது தாழ்வாக இருக்கும் நட்சத்திரங்களுக்குத்தான் தண்ணீர் கண்ணாடி. தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. பிரதிபலிப்பு நடப்பது மேற்பரப்பில், அடியில் இருக்கும் சேறு இரவில் தொந்தரவு செய்யாது.

இந்தக் கணக்கில் நம்ம ஊருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. தஞ்சாவூர் வடக்கே 10.8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஐரோப்பாவில் பார்க்கவே முடியாத தென்வானத்து நட்சத்திரங்கள் இங்கே தெற்கு அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே, தண்ணீருக்குச் சரியான உயரத்தில் வருகின்றன. திரிசங்கு என்று நாம் சொல்லும் தென்சிலுவை 19 டிகிரி உயரம் வரை ஏறும். மார்ச் கடைசியில் நள்ளிரவு தாண்டியும், மே நடுவில் இரவு 9 மணி வாக்கிலும் நேர் தெற்கே நிற்கும். அதன் ஒளியில் ஏழில் ஒரு பங்கு தண்ணீரில் தெரியும்.

இதைவிட எனக்குப் பிடித்தது அகத்தியர் நட்சத்திரம். இரவு வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமானது, ஆங்கிலத்தில் கனோபஸ். இங்கே அதிகபட்சம் 26 அல்லது 27 டிகிரி ஏறும். பிப்ரவரி 10 வாக்கில் இரவு ஒன்பதேகாலுக்கு நேர் தெற்கே இருக்கும். அதன் ஒளியில் சுமார் 8 சதவீதம்தான் தண்ணீரிலிருந்து திரும்பும். ஆனால் அது அவ்வளவு பிரகாசமான நட்சத்திரம் என்பதால் அந்த 8 சதவீதமே கிட்டத்தட்ட துருவ நட்சத்திரம் அளவுக்கு வெளிச்சமாக இருக்கும். அதாவது காற்று அசையாத இரவில், வெறுங்கண்ணாலேயே தண்ணீருக்குள் அகத்தியரைப் பார்க்கலாம். கமண்டலத்திலிருந்து காவிரியைக் கவிழ்த்துவிட்டவர் என்று கதை சொல்லும் முனிவர், காவிரித் தண்ணீரிலேயே தெரிகிறார்.

எல்லாரும் ஆசைப்படும் பால்வெளியின் மையப்பகுதி விஷயம் வேறு. அது உச்சத்துக்கு வரும்போது சுமார் 50 டிகிரி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து தண்ணீரில் திரும்புவது நாற்பதில் ஒரு பங்குதான். அதனால் அது உதிக்கும் நேரத்தைப் பிடிக்கணும். பிப்ரவரி 20 வாக்கில் அதிகாலை இரண்டரைக்கு, மே நடுவில் இரவு ஒன்பதுக்குச் சற்று முன்னால் தென்கிழக்கில் எழும். 15 டிகிரி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிரதிபலிக்கும். இதிலும் ஒரு இழப்பு உண்டு. அந்த உயரத்தில் ஒளி கடந்து வரும் காற்று, தலைக்கு மேலே இருப்பதைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. டெல்டாவின் ஈரக்காற்றும், அறுவடைக்குப் பிறகு வைக்கோல் எரிக்கும் புகையும் அதில் கொஞ்சம் தின்றுவிடும்.

அடுத்து, எவ்வளவு பெரிய தண்ணீர் வேண்டும்? ஏரி வேண்டும் என்று நினைக்கிறோம். தேவையில்லை. கேமராவைத் தண்ணீருக்கு ஒரு மீட்டர் உயரத்தில் வைத்தால், அகத்தியரின் பிம்பம் விழுவது கேமராவிலிருந்து வெறும் 2 மீட்டர் தள்ளி. தென்சிலுவைக்கு 3 மீட்டர், வடக்கே பார்த்தால் துருவ நட்சத்திரத்துக்கு 5 மீட்டர். ஒரு வயலின் ஓரமே போதும்!

பெரிய நீர்ப்பரப்பு இதில் எதிரிகூட. தண்ணீர் மேற்பரப்பு ஒரு டிகிரி சாய்ந்தால் பிம்பம் இரண்டு டிகிரி நகரும். இரண்டு டிகிரி என்றால் நான்கு முழு நிலாக்களை வரிசையாக வைத்த அகலம். ஏரியில் மெல்லிய காற்றுக்கே அலை எழும்பி, நட்சத்திரம் நெடுக்குவாட்டில் கோடாக இழுபடும். வயலில் வரப்பு காற்றைக் கொஞ்சம் தடுக்கும், அலை வளர்வதற்கு நீளமும் இல்லை. சேற்றுழவு முடிந்து பரம்பு அடித்துச் சமன் செய்த வயல், நடவுக்கு முந்தின இரவு, டெல்டாவிலேயே சிறந்த கண்ணாடி. மறுநாள் நாற்று ஊன்றியதும் அது உடைந்துவிடும்.

கேமரா அமைப்பு சிக்கலில்லை. 14 முதல் 24 மி.மீ. வரையிலான அகல லென்ஸ், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200, 15 முதல் 20 விநாடி. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். பிம்பத்துக்கும் அதே ஃபோகஸ்தான். தண்ணீர் 2 மீட்டரில் இருந்தாலும் அதில் தெரியும் நட்சத்திரம் முடிவிலியில் இருக்கிறது. தை, மாசிப் பனியில் பத்து நிமிடத்தில் லென்ஸ் வேர்த்துவிடும். யூ.எஸ்.பி.யில் ஓடும் சின்ன சூடேற்றும் பட்டையைச் சுற்றிக்கொண்டால் தப்பிக்கலாம்.

இந்தக் கணக்கை வைத்து இன்னொன்றும் செய்யலாம். இணையத்தில் பார்க்கும் படங்கள் அசலா என்று சோதிக்கலாம். உச்சி வானத்து நட்சத்திரங்கள் மேலேயும் தண்ணீரிலும் ஒரே பிரகாசத்தில் தெரிந்தால், யாரோ வானத்தைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அருகில் தென்னை மரம் இருந்தால் இன்னும் சுலபம். தண்ணீர்ப் பிம்பம் மரத்தைச் சற்றுக் கீழிருந்து பார்ப்பதைப்போல் காட்டும். மரத்தின் பிம்பம் மறைக்கும் நட்சத்திரங்களும் மரம் நேரில் மறைக்கும் நட்சத்திரங்களும் ஒன்றாக இருக்காது.

சரி, கடினமான பகுதிக்கு வருவோம். தாழ்வாக இருக்கும் ஒளியைத்தான் தண்ணீர் அதிகம் காட்டும் என்றேன். ஊர்களின் விளக்கொளி எங்கே தங்குகிறது? அதே அடிவானத்தில். ஆக, 10 டிகிரி உயரத்தில் தேங்கி நிற்கும் தஞ்சாவூர் வெளிச்சத்தில் 35 சதவீதம் வயலில் விழும், 50 டிகிரியில் இருக்கும் பால்வெளியில் 2 சதவீதம்தான் விழும். வானத்தில் லேசாகத் தெரியும் வெளிச்சம் தண்ணீரில் படத்தையே மூழ்கடித்துவிடும். பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளுக்குப் பதிலாக வந்திருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளில் நீல ஒளி அதிகம். நீலம் காற்றில் அதிகம் சிதறும். மேல்நோக்கிக் கசியாமல் மூடி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும், மின்சாரமும் மிச்சம். ஆனால் பெரும்பாலான தெருவிளக்குகளில் அந்த மூடி இல்லை.

எனவே இடத்தைவிடத் திசை முக்கியம். ஊர் முதுகுக்குப் பின்னால், தெற்கு இருட்டாக இருக்கணும். திருவாரூர் கமலாலயம், மன்னார்குடி ஹரித்ராநதி மாதிரிப் பெரிய குளங்களில் கோடையிலும் தண்ணீர் இருந்தால்கூடச் சுற்றிலும் தெருவிளக்கு, உதவாது. வடுவூர் ஏரி பறவைகள் சரணாலயம். அங்கே இரவில் டார்ச்சோடு போய் அடையும் பறவைகளைக் கலைக்க வேண்டாம்.

வானமும் தண்ணீரும் சந்திக்கும் இடுக்குகளில் ஒன்று, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் போர்வெல் தண்ணீரில் தை, மாசியில் நடும் கோடை நெல். இன்னொன்று, எனக்குத் தெரிந்ததில் சிறந்தது, வேதாரண்யம் பக்கத்து உப்புப் பாத்திகள். வயல் காயும் காலத்தில்தான் அங்கே பாத்திகளில் தண்ணீர் கட்டுவார்கள். ஆழமில்லை, தெற்கே பாக் நீரிணை, பெரிய ஊர் எதுவும் இல்லை. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிய இடம் அங்கேதான். ஊர்ப் பெயர் அகஸ்தியம்பள்ளி. அகத்தியர் நட்சத்திரத்தைத் தண்ணீரில் படமெடுக்க இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பாத்தி பிறர் பிழைப்பு நடக்கும் இடம், கேட்டுவிட்டு இறங்குங்கள். கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போகக் கூடாது.

வரப்பில் இரவு நடப்பதென்றால் முழங்கால் வரை பூட்ஸ், கையில் டார்ச், கூட ஒரு ஆள். கண்ணாடி விரியன் வரப்போரம் படுக்கும் பாம்பு. படமெடுக்கத்தான் டார்ச்சை அணைக்கணும், நடக்க இல்லை.

நடவு வயல் என்கிற கண்ணாடியும் குறைந்துகொண்டு வருகிறது. மேட்டூர் 2022-இல் மே 24-லேயே திறந்தது, 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடையில் பலர் நாற்று விட்டு நடாமல் நேரடி விதைப்புக்கு மாறிவிட்டார்கள். புழுதியில் விதைத்தால் பரம்பு அடித்த வயலும் இல்லை, அதில் வானமும் இல்லை. விவசாயிக்கு அது சரியான முடிவு, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் உங்கள் ஊரில் இன்னும் நடவு நடக்கிறது என்றால், அடுத்த அமாவாசை எப்போது, நடவு எப்போது என்று இந்த வருடமே கேட்டு வையுங்கள்.