ஆறு பேரை அழையுங்கள், நான்கு பேர் போதும்

1964-இல் அமெரிக்காவில் ‘தி ஜெனரல்’ என்றொரு இதழ் தொடங்கியது. போர்க்கள விளையாட்டுகளை அட்டைப்பெட்டிகளில் போட்டு விற்ற அவலான் ஹில் நிறுவனம் நடத்திய இதழ் அது. ‘எதிராளி தேவை’ என்று அதில் வரி விளம்பரப் பகுதி ஒன்று உண்டு. பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், எதிரே உட்கார ஆள் வேண்டுமே! விஸ்கான்சின் மாநிலத்தின் ஏரிக்கரைச் சிற்றூரான லேக் ஜெனீவாவில் வசித்த கேரி கைகாக்ஸ், அந்த வழியில் ஆள் தேடியவர்களில் ஒருவர். காப்பீட்டு நிறுவன ஊழியர். கடிதங்கள் வழியே கிடைத்த நண்பர்களை 1967-இல் வீட்டுக்கு அழைத்தார், இருபது பேர் போல வந்தார்கள். அடுத்த ஆண்டு ஊரின் தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்தார். ஏறக்குறைய நூறு பேர் திரண்டார்கள். 1969-இல் அந்தக் கூட்டத்தில்தான் அவர் டேவ் ஆர்னெசனைச் சந்தித்தார். 1974-இல் இருவர் பெயரிலும் வெளிவந்தது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. இன்று உலகமெங்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை வளர்க்கும் ஆட்டங்களுக்கெல்லாம் அதுவே மூத்தது.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஊர் மாறியவர்கள் பலரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். போர்டு கேம் பெட்டி அலமாரியில் இருக்கும், கூட ஆட ஆள் இருக்காது. ‘நமக்குப் பழகத் தெரியவில்லை’ என்று மனம் சுருங்கிப்போகும். அப்படிச் சுருங்கத் தேவையே இல்லை. ஒரு குழு நிலைப்பதில் நம் சாமர்த்தியத்தைவிட எண்களுக்குத்தான் பங்கு அதிகம்.

முதல் எண் மணிக்கணக்கு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களிடமும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் நட்பு எப்படி முளைக்கிறது என்று கேட்டு 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம், நல்ல நட்பாகச் சுமார் 90, நெருங்கிய நட்பாக 200-க்கும் மேல் என்பது அவர் கண்ட மதிப்பீடு. அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கழியும் நேரம் இதில் அவ்வளவாகச் சேருவதில்லை. விருப்பப்பட்டு ஒன்றாகக் கழிக்கும் நேரம்தான் பலன் தருகிறது. ஒரே அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தும் ஒருவரையும் சரியாகத் தெரியாமல் போவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

வாரம் ஒரு மாலை, மூன்று மணி நேரம் ஆடினால் 17 வாரத்தில் 50 மணி நேரம் தாண்டிவிடும். ஆனால் அத்தனை வாரமும் எல்லோரும் வந்தால்தானே? பெரும்பாலான குழுக்கள் உடைவது இங்கேதான். நான் மிகவும் வியக்கும் கணக்கும் இதுதான்.

ஐந்து பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் பத்து வாரத்தில் எட்டு வாரம் வரக்கூடியவர். நம்பகமான ஆட்கள்தான். ‘ஐவரும் இருந்தால்தான் ஆட்டம்’ என்று முடிவு செய்தால் என்ன ஆகும்? 0.8-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை 0.33. மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் ஆட்டம் நடக்கும். யாரும் ஏமாற்றவில்லை, ஆர்வமும் குறையவில்லை, ஆனாலும் குழு மெல்ல மெல்ல மங்கும். இப்போது இன்னொருவரைச் சேர்த்து ஆறு பேரை அழையுங்கள். நான்கு பேர் வந்தாலே தொடங்கிவிடுவது என்று வையுங்கள். ஆட்டம் நடக்கும் வாய்ப்பு 90 சதவீதம்! பழைய ஐவரும் அப்படியேதான், வருகைப் பழக்கமும் மாறவில்லை. ஒருவர் கூடினார், விதி மாறியது.

இதை மணிக்கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். முதல் விதியில் எந்த இருவரும் சேர்ந்து 50 மணி நேரம் கழிக்க ஓராண்டு பிடிக்கும். இரண்டாவது விதியில் ஆறு மாதத்துக்குச் சற்று மேல். மழையும் தீபாவளியும் எல்லோரையும் ஒரே வாரத்தில் நிறுத்திவிடும் என்பதால் நிஜத்தில் எண்கள் கொஞ்சம் ஆடும், ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிதாகவே இருக்கும். கிழமையும் நேரமும் மாறாமல் இருப்பது இதனால்தான் முக்கியம். ‘எல்லோருக்கும் எப்போது வசதி?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்கத் தொடங்கினால் மறுபடி முதல் விதிக்கே வந்துவிடுகிறோம்.

அது ஏன் நான்கு? மானுடவியலாளர் ராபின் டன்பாரும் உடன் ஆய்வாளர்களும் தாமாகக் கூடிப் பேசும் மனிதர்களைக் கவனித்து 1995-இல் எழுதினார்கள். ஒரே உரையாடலில் ஏறக்குறைய நான்கு பேர்தான் நிலைத்திருக்கிறார்கள். ஐந்தாமவர் வந்து சேர்ந்ததும் பேச்சு இரண்டாகப் பிரியப் பார்க்கிறது. கேரம் பலகையும் தாயக்கட்டமும் அதே நான்கு பக்கம் கொண்டவை என்பது தற்செயலாகவே இருக்கலாம். இருந்தாலும் அழகான பொருத்தம்.

வந்து உட்கார்ந்தாலே பாதி வேலை முடிகிறது என்பதற்கும் சான்று உண்டு. 1992-இல் மோர்லண்டும் பீச்சும் வெளியிட்ட ஆய்வில், தோற்றத்தில் ஏறக்குறைய ஒத்த நான்கு பெண்கள் கல்லூரி வகுப்பு ஒன்றில் மாணவிகள்போல அமர்ந்தார்கள். ஒருவர் 15 முறை, ஒருவர் 10, ஒருவர் 5, மற்றவர் ஒரு முறைகூட இல்லை. யாரோடும் பேசவில்லை. பருவ முடிவில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிக முறை வந்தவரையே மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

பேச்சுக்கு வழி செய்வது ஆட்டத்தின் வேலை. அதனால் முதல் மாலைக்கு எந்த ஆட்டம் என்பதை யோசித்தே எடுக்க வேண்டும். மோனோபோலியில் சொத்தை இழந்தவர் வெளியேறி ஓரமாக உட்கார வேண்டும். புதிய முகங்களுக்கு நடுவே அது கொடுமை. ஜெர்மனியின் கிளாஸ் டோய்பர் உருவாக்கி 1995-இல் வெளிவந்த ‘காட்டான்’ ஆட்டத்தில் யாரும் வெளியேறுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் உருட்டும் பகடையில் எனக்கும் செங்கல் கிடைக்கலாம், அதனால் அவர் முறை வரும்போதும் என் கண் பலகையில்தான் இருக்கும். கோதுமை வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். முன்பின் தெரியாத நால்வரைப் பேச வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு அரிது. 2008-இல் வந்த மாட் லீகாக்கின் ‘பாண்டமிக்’ இன்னொரு வகை. எல்லோரும் ஒரே அணி, எதிரி நோய்தான். தோற்க அஞ்சுபவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். பெட்டி எதுவும் இல்லையென்றால், தாயக்கட்டை இரண்டும் தரையில் வரையச் சுண்ணக்கட்டியும் போதும்.

அந்த ஆறு பேர் எங்கே கிடைப்பார்கள்? நெருங்கியவர்களிடம் தேடினால் பெரும்பாலும் கிடைக்க மாட்டார்கள். வேலை தேடியவர்களுக்குச் செய்தி கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் எப்போதாவது பார்க்கும் அறிமுகங்களே என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் காட்டினார். நெருங்கியவர்கள் அறிந்த உலகம் நமக்கும் தெரிந்ததுதான், தூரத்து அறிமுகத்தின் உலகம் வேறு. விளையாட ஆள் தேடுவதிலும் இதுவே நடக்கும் என்று நம்புகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகை, நூலகர், கேன்டீனில் தலையசைக்கும் வேறு துறைக்காரர், போர்டு கேம் வைத்திருக்கும் காபிக்கடை என்று எல்லா இடத்திலும் சொல்லி வையுங்கள். முதல் சில வாரங்கள் பொது இடத்தில் கூடுவது நல்லது. முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டப் பலரும், குறிப்பாகப் பெண்கள், தயங்குவது நியாயமே. எட்டாவது ஆள் வந்து சேரும் நாளில் மேசையை நெருக்காதீர்கள். இரண்டாவது பெட்டியைத் திறந்து நான்கு நான்கு பேராக உட்காருங்கள். அடுத்த வாரம் ஆட்களை மாற்றி உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் இரண்டு தனிக் குழுக்கள் ஆகிவிடும்.