எண்ணெய் டப்பாவின் எழுத்துக்கள்

நமது சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து வெளியே வந்தால், வாயிலில் வரிசையாக நிற்பவை பெரும்பாலும் இரு சக்கர வாகனங்களே. அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் வேலைக்குச் செல்வோர்க்கும், பண்டிகைக்கு ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி, தருமபுரி என்று ஊர் திரும்புவோர்க்கும் அவையே கால்கள். அரிசியையும் பருப்பையும் கையில் அள்ளிப் பார்த்து வாங்கும் நம் குடும்பங்கள், அவ்வாகனத்துக்கு ஊற்றும் எஞ்சின் எண்ணெயை மட்டும் பிறர் சொல்லுக்கு விட்டுவிடுகின்றன. நாமும் அவ்வாறு விட்டிருந்தவர்களே.

நம்மிடம் இருப்பது 125 சி.சி. மோட்டார் சைக்கிள். ஈராண்டுகளுக்கு முன் எண்ணெய் மாற்றவேண்டிய சமயத்தில், ஒரு கடையில் நமக்கு அழகிய டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினர். முழு சிந்தெடிக், 5 டபிள்யூ–30, விலை 640 ரூபாய். கார்களுக்கே இதைத்தான் ஊற்றுகிறார்கள் என்றனர். காருக்கு உகந்தது நம் எளிய வண்டிக்கு இன்னும் உகந்ததாயிருக்குமென்று நாம் எண்ணியது நம் பேதைமை. மூன்று வாரங்கள் சென்றபின், மாமனார் இல்லத்துக் காதணி விழாவுக்கு மனைவியுடன் புறப்பட்டோம். அத்திப்பள்ளி தாண்டிய மேட்டில், பின்னால் லாரி ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு வர, நமது எஞ்சின் இரைந்ததேயொழிய வண்டி வேகம் கொள்ளவில்லை. ஒருவாறு ஓரத்தில் ஒதுங்கி, ஓசூர் வரை மெல்ல உருட்டிச் சென்றோம். அங்கிருந்த மெக்கானிக் பெரியவர் கிளட்சைப் பார்த்துவிட்டு, "என்ன சார், கார் ஆயிலா ஊற்றினீர்கள்?" என்றார். கிளட்ச் தகடுகளுக்கும் கூலிக்குமாக 1,900 ரூபாய் ஆயிற்று. காதணி விழாவும் நாம் போய்ச் சேருமுன்னே முடிந்துவிட்டது.

காரணம் மிக எளிது. கியர் போட்டு ஓட்டும் காரில் கிளட்ச் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய் படாத தனியிடத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள்களில் பெரும்பான்மையானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் மூழ்கியுள்ளன. பெட்ரோலைச் சிக்கனப்படுத்த வேண்டி, காரின் எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் மருந்துகளைச் சேர்க்கின்றனர். கிளட்சோ உராய்வினாலேயே பிடிப்பது. அதை வழுக்கச் செய்தால் வண்டி எங்ஙனம் நகரும்? இதற்காகவே ஜப்பானியர் 1998-ல் ஜாஸோ என்னும் தர முறையை ஏற்படுத்தினர். எம்.ஏ., எம்.ஏ.2 என்று அச்சிட்ட எண்ணெய் கிளட்ச் மூழ்கும் மோட்டார் சைக்கிளுக்குரியது. எம்.பி. என்பது உராய்வு குறைந்தது; பெல்ட்டினால் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது. எம்.ஏ. எண்ணெயை ஸ்கூட்டரில் ஊற்றினால் பெரிய கேடில்லை. எம்.பி.யை மோட்டார் சைக்கிளில் ஊற்றுவதே ஆபத்து. வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று கண்டாலும் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் அந்த டப்பாவைக் கீழே வைத்துவிடுதல் நலம்.

அடுத்து, எல்லோரையும் மயக்கும் எண்கள். எண்ணெயின் கெட்டித் தன்மையை, அதாவது பௌதிக நூல்கள் பாகுநிலை என்று கூறுவதை, அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர்களின் சங்கமான எஸ்.ஏ.ஈ. 1911 முதல் எண்களால் வகுத்து வருகிறது. 10 டபிள்யூ–30 என்பதில் டபிள்யூ என்பது 'விண்டர்', அதாவது குளிர்காலம். உறைநிலைக்குக் கீழே 25 டிகிரியில் எஞ்சினைச் சுழற்ற அவ்வெண்ணெய் இடங்கொடுக்கிறதா என்று சோதிப்பதே '10 டபிள்யூ'. '20 டபிள்யூ' எனில் உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி. பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த உஷ்ணமோ 1884 ஜனவரியில் 7.8 டிகிரி! ஆகவே '0 டபிள்யூ' என்பதற்காக நாம் கூடுதல் விலை தருவதில் அதிகப் பயனில்லை. ஆயினும் இவ்வெண் சிறிதாக இருப்பின், காலையில் எண்ணெய் விரைந்து மேலேறும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

நமக்கு முக்கியமானது இரண்டாம் எண். 100 டிகிரி உஷ்ணத்தில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது சொல்கிறது. சென்டிஸ்டோக் என்னும் அளவில் 30 என்றால் 9.3 முதல் 12.5-க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள். சில்க் போர்டு சந்திப்பில் அரைமணி நேரம் அசையாமல் நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். காற்றுப்பட்டுக் குளிர வேண்டிய எஞ்சினுக்குக் காற்றே இல்லை. குளிரல்ல, இவ்வெப்பமே நம் ஊரின் சோதனை. அதற்காக, கெட்டியான எண்ணெயே எப்போதும் சிறந்தது என்று எண்ணிவிடவும் கூடாது. ஹோண்டா ஆக்டிவாவுக்கு 10 டபிள்யூ–30. 1955-ல் சென்னையில் வேரூன்றிய என்ஃபீல்டின் 350 சி.சி. கிளாஸிக்குக்கு 15 டபிள்யூ–50. யந்திரத்தின் இடைவெளிகளை அறிந்தவன் அதைச் செய்தவனே. வண்டியுடன் வந்த கைப்புத்தகத்தைப் பரண்மேலிருந்து எடுத்துப் பாருங்கள்.

இனி 'சிந்தெடிக்' என்னும் சொல். பூமியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறுவது சாதாரண எண்ணெய். ரசாயனக் கூடத்தில் அணு அணுவாய்க் கட்டியெழுப்பியதையே முன்னர் சிந்தெடிக் என்றனர். பின்னர், கச்சா எண்ணெயையே மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனுடன் சேர்த்து மாற்றியமைக்கும் முறை பரவிற்று. அதையும் சிந்தெடிக் என்று விற்கலாகுமா என்று மொபில் கம்பெனியார் காஸ்ட்ரால் கம்பெனியார்மீது அமெரிக்க விளம்பர விசாரணைக் குழுவிடம் முறையிட்டனர். விற்கலாம் என்று 1999-ல் குழு கூறிற்று. அன்று முதல் அச்சொல் ஓர் எண்ணெயின் பிறப்பைத் திட்டமாகச் சொல்வதில்லை. 'செமி சிந்தெடிக்' என்பதிலோ எத்தனை பங்கு கலந்தது என்று டப்பாவில் குறிக்கும் வழக்கமே இல்லை. இதனால் சிந்தெடிக் ஏமாற்று என்று நாம் கூறவில்லை. வெப்பத்தில் அது எளிதில் கெடுவதில்லை. நெரிசலில் அன்றாடம் ஓடும் வண்டிக்கு நன்மையே. ஆனால் சரியான எண்ணும் ஜாஸோ எழுத்தும் உள்ள சாதாரண எண்ணெய், அவையில்லாத சிந்தெடிக்கைவிட நூறு மடங்கு மேல்.

எண்ணெய் கறுத்துவிட்டதே என்று சிலர் பதறுகின்றனர். அழுக்கைத் தன்னுள் ஏந்திக் கொள்வது அதன் தொழில். நிறத்தைக் கொண்டு தீர்மானித்தல் தவறு. ரயில்வே டீசல் ஷெட்டுகளில் எண்ணெயின் மாதிரியை எடுத்து, அதில் இரும்பும் செம்பும் எவ்வளவு கரைந்துள்ளன என்று கருவியால் சோதிக்கின்றனர். நமக்கு அவ்வசதியில்லை, கைப்புத்தகம் கூறும் கிலோமீட்டரே நமக்குச் சோதனை. இடையில் அளவுக்குச்சியை எடுத்துப் பார்ப்பதற்கோ காசில்லை.

காலி டப்பாவைக் கடையில் விட்டு வராதீர்கள். அதில் பழைய எண்ணெயை நிரப்பி விற்போரும் உண்டு. நாம் இப்பொழுது ஆணியால் இரண்டு துளையிட்டு, மூடியையும் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறோம். வீட்டில் சிரிக்கிறார்கள்.