பெயர் மட்டும் போதுமா? ஐரிஷ் குடும்பங்களின் வேர் தேடும் வழி

ஓபிரையன், மெக்கார்த்தி, மர்பி, கெல்லி. ஆங்கிலப் படங்களில் அடிக்கடி காதில் விழும் இப்பெயர்கள் அயர்லாந்தைச் சேர்ந்தவை. இவற்றின் பொருள் என்ன?

ஐரிஷ் மொழியில் 'ஓ' என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல். 'மாக்' என்றால் மகன். 1014-ஆம் ஆண்டு குளோன்டார்ஃப் போரில் மாண்ட மன்னர் பிரையன் போருவின் வழிவந்தவர்களே ஓபிரையன் குடும்பத்தார். மகளுக்கு முன்னொட்டு மாறும்: 'ஓ' என்பது 'நீ' ஆகும், 'மாக்' என்பது 'நிக்' ஆகும். பிட்ஜெரால்ட் போன்ற பெயர்கள் 12-ஆம் நூற்றாண்டில் வந்த நார்மன்களுடையவை. அங்கும் 'பிட்ஸ்' என்பது மகன்தான்!

பிற்காலத்தில் ஆங்கில ஆட்சியின் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயர்களை எழுதினார்கள். 'ஓ'வும் 'மாக்'கும் பல குடும்பங்களில் உதிர்ந்தன. கொல்லனின் மகன் எனப் பொருள்படும் ஐரிஷ் பெயர் ஓரிடத்தில் மெக்கவன் என்றும், வேறோரிடத்தில் மொழிபெயர்க்கப்பட்டு ஸ்மித் என்றும் ஆயிற்று. எனவே எழுத்து மாறியிருப்பதால் வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதேபோல் கெல்லி என்ற பெயருடைய இருவர் உறவினராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அப்பெயர் பல வட்டாரங்களில் தனித்தனியாகத் தோன்றியது. பெயரைவிட ஊரே முக்கியம்.

அந்த ஊரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அதே அளவினர் கப்பலேறினர். அவர்களின் சந்ததியினர் பலருக்கு 'அயர்லாந்து' என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. போதாக்குறைக்கு, 1922 ஜூன் 30-ஆம் நாள் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அங்கே சாம்பலானது. அதற்குப் பிந்திய நான்கு கணக்கெடுப்புகளை அரசாங்கமே முன்னதாக அழித்துவிட்டிருந்தது! நாடு முழுமைக்கும் எஞ்சிய பழையவை 1901, 1911 கணக்கெடுப்புகளே.

பிறகு எதைக் கொண்டு தேடுவது? நிலவரிக்காக 1847 முதல் 1864 வரை தயாரிக்கப்பட்ட கிரிஃபித் மதிப்பீடு கைகொடுக்கிறது. சிற்றூர் வாரியாக நிலமும் வீடும் வைத்திருந்தவர்களை அது பதிவு செய்கிறது. ஆனால் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். அவர் மனைவி மக்களைத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். கத்தோலிக்கப் பாதிரியார்கள் அவற்றைத் தங்கள் பங்கிலேயே வைத்திருந்ததால் அவை தீக்குத் தப்பின. 2015-ஆம் ஆண்டு முதல் அயர்லாந்து தேசிய நூலகம் இவற்றின் படங்களை இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது.

தேடலை அயர்லாந்தில் தொடங்குவது பலர் செய்யும் தவறு. முன்னோர் குடியேறிய நாட்டிலேயே தொடங்க வேண்டும். அங்குள்ள திருமணப் பதிவிலோ கல்லறைக் கல்லிலோ சில வேளைகளில் பங்கின் பெயரும் மாவட்டத்தின் பெயரும் இருக்கும். அது கிடைத்த பிறகு பதிவேட்டைப் புரட்டலாம்.