சோதிக்கும் கருவியை யார் சோதிப்பது?

ஜாவா நிரலர்களுக்கு ஹாம்கிரெஸ்ட் என்ற சோதனை நூலகம் பழகிய பெயர். மேட்சர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் அந்தப் பெயர் வரும். ஒரு மதிப்பு நிபந்தனைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது மேட்சர். பல மேட்சர்களைச் சேர்த்துக் கட்டினால் கூட்டு மேட்சர். எல்லாம் பொருந்த வேண்டுமென்றால் 'ஆல்ஆஃப்', ஒன்று பொருந்தினாலே போதுமென்றால் 'எனிஆஃப்'.

கடவுச்சொல்லில் 8 எழுத்தாவது வேண்டும், ஓர் எண்ணும் வேண்டும். இதற்குக் கூட்டு மேட்சர் எழுதிவிட்டோம். எப்படிச் சோதிப்பது? இரண்டும் பொருந்தும் சொல் ஒன்று, இரண்டும் பொருந்தாத சொல் ஒன்று. பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். இது போதவே போதாது. ஆல்ஆஃபுக்குப் பதில் தவறுதலாக எனிஆஃப் எழுதியிருந்தாலும் இந்த இரண்டு சோதனைகளும் தேறிவிடும்! குட்டை உடைப்பது பாதி பொருந்தும் மதிப்புதான். '12345' கொடுத்துப் பாருங்கள்: எண் உண்டு, நீளம் இல்லை. ஆல்ஆஃப் மறுக்கும், எனிஆஃப் ஏற்கும். நீளமிருந்து எண் இல்லாத சொல்லையும் விடக் கூடாது. நிபந்தனை இரண்டென்றால் 4 சேர்க்கைகள், மூன்றென்றால் 8.

ஆம், இல்லை என்ற விடையோடு வேலை முடியவில்லை. பொருந்தாதபோது மேட்சர் தரும் செய்தியையும் சோதிக்க வேண்டும். ஹாம்கிரெஸ்டின் ஆல்ஆஃப் முதல் தோல்வியிலேயே நின்று, பொருந்தாத அந்த ஒரு நிபந்தனையை மட்டும் சொல்லும். நள்ளிரவில் பிழை தேடுபவருக்கு அந்த ஒரு வரிதான் துணை. அதற்கும் ஒரு சோதனை எழுதிவையுங்கள்.