எலிக்கு விஷம் எதற்கு?

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் பூனை ஒன்று தவமிருக்கும், காலடியில் எலிகள்! எங்கள் வீட்டிலோ எலிகள் அடுக்களையில். தவழுற குழந்தை இருக்கையில் எலி பேஸ்ட் வைக்கலாமா, சொல்லுங்கள்? அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலையே கெடுத்துவிடும். முறிவு மருந்தும் கிடையாது.

பென்சில் நுழையும் சந்து போதும், சுண்டெலி வந்துவிடும். கம்பிவலை வைத்துச் சிமெண்ட் பூசினேன். அரிசி, பருப்பெல்லாம் மூடி போட்ட டின்னில். ராத்திரி எச்சில் பாத்திரம் கிடக்க விடுவதில்லை. உள்ளே மாட்டிக்கொண்டதற்குக் கூண்டுப்பொறியும் சுட்ட தேங்காய்த் துண்டும். விடிந்ததும் வெளியே விட்டாச்சு.

எலி இருந்தால் பாம்பும் தேடி வரும். வந்தால் அடிக்காதீங்க. பக்கத்து வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைப் பிடித்து, விஷமெடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து அதிலிருந்துதான் தயாராகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.